புளியங்கொட்டையும் பூட்டிய அலமாரியும்

2016-ஆம் வருடம், டிசம்பர் கடைசி வாரம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் குழந்தைகள் இல்லம் ஒன்றின் வாசலில், வாடகைக் காரிலிருந்து இரண்டு பெரிய சூட்கேஸ்களை இறக்கிக்கொண்டிருந்தோம். எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி அருகில் வந்து நின்றாள். என் பெயரைக் கேட்கவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

"அண்ணா, நீங்க எந்தக் கிழமை போவீங்க?"

"சனிக்கிழமைம்மா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "மூணு நாளா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்றிரவு நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்தக் கேள்வியின் பொருள் பிடிபட எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர். இப்போது மூன்று நாடுகளில் இருக்கிறோம். நான் மேற்படிப்புக்கென அமெரிக்கா வந்து, படிப்பு முடிந்ததும் எல்லோரையும் போல மென்பொருள் எழுதப் போய்விட்டவன். நண்பன் ஒருவன் தன் தந்தையின் நினைவு நாளுக்கு அந்த இல்லத்தில் மதிய உணவு போட்டான். அப்போது உடன் போனதில் தொடங்கியது இது. சாப்பாடு போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவதைவிட உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று பேசினோம். விளையாட்டின் வழியாகக் கற்றல் என்று இணையத்தில் நிறையப் படித்திருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள், காந்தத் துண்டுகள், சிறு மோட்டார் வைத்த பொம்மைப் பெட்டிகள் என்று இரண்டு சூட்கேஸ் நிறைய வாங்கிப்போனோம். விமான நிறுவனத்துக்கு அதிக எடைக்காகக் கட்டிய பணத்தையும் சேர்த்தால் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டியது.

அந்த மூன்று நாட்களும் அமர்க்களமாகத்தான் போயின. குழந்தைகள் பாலம் கட்டினார்கள், வண்டி ஓட்டினார்கள், கிளம்பும்போது அழுதார்கள். எங்களில் ஒருவனும் அழுதான். ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நிறைவோடு விமானம் ஏறினோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தில் 42 குழந்தைகள் இருந்தார்கள். நாங்கள் போன அன்று இருந்தவர்கள் 19 பேர்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, "அரையாண்டுப் பரீட்சை லீவு சார். சொந்தக்காரங்க இருக்கறவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் காப்பாளர் அம்மா. மீதி 19 பேர் போக இடமில்லாதவர்கள், அல்லது அழைத்துப் போக யாரும் வராதவர்கள். எங்கள் விடுமுறைக்குத் தோதாக நாங்கள் தேர்ந்தெடுத்த நாட்கள், அவர்களுக்கு வருடத்திலேயே மிகக் கஷ்டமான நாட்கள். அது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

'அநாதை இல்லம்' என்ற சொல்லே பெரும்பாலும் பொருந்தாத சொல். நம் நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் இத்தகைய இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமை, நோய், குடி, தாயின் மறுமணம், பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாமை என்று காரணங்கள் பல. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இத்தகைய இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். குழந்தையை அங்கே சேர்ப்பதும், வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படிதான் நடக்க வேண்டும். 18 வயது முடிந்தால் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அதன்பின் 21 வயது வரை பின்தொடர் உதவிக்கு சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. நாங்கள் 2016-இல் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போட்ட முப்பது படங்களும் சட்டவிரோதம் என்பது பிறகுதான் தெரிந்தது. அழித்துவிட்டோம். அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்திருந்தார்களோ.

2018 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு வார இறுதியில், மறுபடி போனோம். பொருட்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க ஆசை. காப்பாளர் அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அலுவலக அறையின் இரும்பு அலமாரியைத் திறந்தார். எங்கள் பெட்டிகள் வாங்கிய மேனி கலையாமல் அடுக்கி இருந்தன. மேலே ஒரு தாளில் எண்ணிக்கை எழுதி ஒட்டியிருந்தது. "விசிட்டர்ஸ் வந்தா எடுப்போம் சார், பத்திரமா இருக்கு" என்றார் பெருமையோடு.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன காரணங்களைக் கேட்டபின் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. 42 குழந்தைகளுக்கு ஒரு நேரத்தில் இரண்டே பணியாளர்கள், சமையலுக்கு ஒரு ஆயா. கட்டைகள் 300. ஒன்று காணாமல் போனால் இருப்புப் பதிவேட்டில் குறையும். ஆய்வுக்கு வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தை ஒன்றை விழுங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவரும் அவர்தான். ஒரு பெட்டிக்குப் பத்துப் பேர் அடித்துக்கொண்டால் விலக்க ஆள் இல்லை. "உங்க வீட்ல எத்தனை புள்ளைங்க சார்?" என்று கேட்டார். எனக்கு அப்போது குழந்தை இல்லை.

இல்லத்தின் ஒரு நாளை அருகிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் குளியல், மணி அடித்தால் சாப்பாடு, படிப்பு, தூக்கம். சோப்பு பொது. சீப்பு பொது. நன்கொடையாக வந்த சட்டை இந்த வாரம் ஒருவனுக்கு, அடுத்த வாரம் இன்னொருவனுக்கு. குழந்தைக்குச் சொந்தமான இடம் என்பது சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கும் பள்ளிப் பை. வெளியாட்கள் வந்தால் வரிசையில் நின்று நன்றிப் பாட்டு. யாருடைய பிறந்தநாளுக்கோ இவர்கள் கேக் சாப்பிட்டுக் கை தட்ட வேண்டும். எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது, யாருடன் சேர்வது என்று குழந்தை தானே முடிவு செய்யும் நேரம் நாள் முழுவதும் தேடினாலும் அரைமணி தேறாது. விளையாட்டு என்றால் அடிப்படையில் இந்த மூன்றும்தானே? நாங்கள் கொண்டு போன பயிற்சியிலும் இவற்றை நாங்களேதான் முடிவு செய்தோம். "இப்போது எல்லோரும் பாலம் கட்டலாம்" என்றோம். இன்னொரு மணி அடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வருகைக்குப் பின் ஊர் திரும்பி, செய்ய வேண்டிய வீட்டுப்பாடத்தைத் தாமதமாகச் செய்தேன். படித்ததில் மனதில் தங்கியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி 1989-இல் விழுந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் அடைந்து கிடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தது. 2000-க்குப் பின் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 136 குழந்தைகளில் குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. அதுவும் ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மிகுதியாக. 2007-இல் இதை வெளியிட்டார்கள். அந்த இல்லங்களில் உணவும் கூரையும் இருந்தன. தன் முகத்தைத் தினமும் பார்த்துச் சிரிக்கும் ஒரே ஆள் என்று எவரும் இல்லை.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரக் குழந்தை இல்லங்களில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வெளியிலிருந்து யாரும் வந்து விளையாட்டுக் காட்டவில்லை. இருக்கிற பணியாளர்களுக்கே குழந்தையுடன் பேசவும் விளையாடவும் பயிற்சி கொடுத்தார்கள். குழுக்களைச் சிறிதாக்கி, ஒரு குழுவுக்கு அதே முகங்கள் தொடர்ந்து இருக்குமாறு வேலைநேரத்தை மாற்றினார்கள். குழந்தைகளின் மன வளர்ச்சியோடு உடல் வளர்ச்சியும்கூட மேம்பட்டது. ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற மருத்துவர் 1946-இல் புடாபெஸ்ட்டின் லோட்சி தெருவில் தொடங்கிய பச்சிளம் குழந்தைகள் இல்லத்திலும் இதே கொள்கைதான். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் ஒரே பணிப்பெண் அவசரமில்லாமல் முழுக் கவனத்தையும் அந்தக் குழந்தைக்கே கொடுப்பார். மற்ற நேரத்தில் குழந்தை தானாக, பெரியவர் தலையீடு இல்லாமல் விளையாடும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில் இருந்தவர்கள் இல்லத்துக் குழந்தைகள் அல்லர், ஏழை வீட்டுக் குழந்தைகள். வளர்ச்சி குன்றிய 129 பேர். சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கையால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடம்தான். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கவனிக்க வேண்டியது, பணியாளர் போன பின்னும் தாய் அங்கேயே இருந்தாள், பொம்மையும் வீட்டில் இருந்தது.

போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். 1912-இல் வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் பொறுப்பேற்றார். குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் அங்கே இருந்தது. அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பதற்கானவை. கோர்ச்சாக்கும் அந்த நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார். தொலைந்த பொருட்களுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. நூல்துண்டோ பொத்தானோ எதுவாயினும் அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, குப்பை என்று எறியக் கூடாது என்பது அவர் கருத்து. (நான் எங்கள் இல்லத்து ஆணிகளை நினைத்துக்கொண்டேன்.)

யூதர்கள் வார்சாவில் சேரிக்குள் அடைக்கப்பட்டபோது இல்லமும் உள்ளே போனது. 1942 ஜூலை 18 அன்று, பசிக்கும் நோய்க்கும் நடுவில், அந்தக் குழந்தைகள் நம் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை நடித்தார்கள். நோய்ப்பட்டு அறைக்குள் முடங்கிக் கிடக்கும் சிறுவன் அமல், ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களோடு பேசிப் பேசியே உலகத்தைக் கட்டிக்கொள்ளும் நாடகம். மூன்று வாரங்கூட ஆகவில்லை; ஆகஸ்ட் தொடக்கத்தில் சுமார் 200 குழந்தைகளையும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வாய்ப்புக் கிடைத்தும் கோர்ச்சாக் மறுத்துவிட்டு அவர்களுடனேயே போனார். எங்கள் வேலையை இதோடு ஒப்பிடும் அசட்டுத்தனம் எனக்கில்லை. ஆனால் சனிக்கிழமை விமானம் பிடிக்கிறவன் இதைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அலமாரியைப் பார்த்த அந்த ஜனவரி வருகையின் இரண்டாம் நாள் காலை. நாங்கள் கொண்டு போன புதிய சாமான்களின் பெட்டி வழியில் தாமதமாகி வந்து சேரவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆயா சாம்பாருக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தில் கொட்டை குவிந்துகொண்டே வந்தது.

"இதை என்ன செய்வீங்க ஆயா?"

"என்ன செய்யறது தம்பி, குப்பையிலதான். அந்தக் காலத்துல நாங்க பல்லாங்குழி ஆடுவோம். இப்ப எந்தப் புள்ள ஆடுது?"

அந்த அறுபது வயது அம்மா பல்லாங்குழியில் புலி என்பது பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தரையில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு என்னை மூன்று முறை தோற்கடித்தார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதுவரை எங்களைப் பார்த்து "சார் சார்" என்று நின்றவர்கள், இப்போது ஆயாவைப் புதிதாகப் பார்த்தார்கள்.

பல்லாங்குழியில் ஒரு வரிசைக்கு ஏழு என்று 14 குழி. குழிக்கு ஐந்து வீதம் போட்டால் 70 முத்து. பலகைக்கு எங்கே போவது? இல்லத்துக்கு வாராவாரம் முட்டை வருகிறது, 30 முட்டை பிடிக்கும் காகித அட்டையில். அதில் வரிசைக்கு ஆறு குழிதான். இரண்டு வரிசை வெட்டினால் 12. எழுபது முத்தை 12 குழியில் எப்படிப் போடுவது என்று சண்டை தொடங்கியது. குழிக்கு ஐந்து போட்டால் 60, பத்து மிஞ்சும். ஆறு போட்டால் 72, இரண்டு குறையும். வகுத்தல் வராது என்று பள்ளியில் முத்திரை குத்தப்பட்ட ஒரு பையன், "ஆயாகிட்ட ரெண்டு கொட்டை கேட்டா முடிஞ்சிது" என்றான். இன்னொரு கோஷ்டி அதை ஏற்கவில்லை. இன்னொரு அட்டையிலிருந்து பக்கத்துக்கு ஒரு குழியை வெட்டி நூலால் தைத்து ஏழாக்கிவிட்டது. இரண்டு முறைகளும் இன்றுவரை அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. எங்கள் பயிற்சிக் கையேட்டில் வகுத்தலுக்கு ஒதுக்கியிருந்த நாற்பது நிமிடப் பாடத்தை எடுக்கவே இல்லை.

ஆடத் தொடங்கியபின் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. இந்தக் குழியை எடுத்து விதைத்தால் கடைசி முத்து எங்கே விழும், அடுத்த குழி காலியாக இருக்குமா, அதற்கடுத்த குழியின் புதையல் கிடைக்குமா என்று ஆடுமுன் பார்க்க வேண்டும். எந்தக் குழியில் நான்கு சேர்ந்து பசுவாகும் என்று எதிராளியின் பக்கத்திலும் ஒரு கண் வேண்டும். ஆடுபுலி ஆட்டம் வேறு வகை. மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடு. தனியாக ஓர் ஆட்டால் ஒன்றும் முடியாது. சேர்ந்து நின்றால் புலிக்கு வழி அடைபடும். அதைக் கற்றுக்கொண்ட ஆறாம் வகுப்புப் பெண்கள் புலியாக ஆடவே மறுக்கிறார்கள்.

புளியங்கொட்டையின் பெரிய சிறப்பு அது இலவசம் என்பது அல்ல. தொலைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், எனவே அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதில்லை. சாம்பார் வைக்கிறவரை புதிதாக வந்துகொண்டே இருக்கும். குழந்தை பத்துக் கொட்டையை உறையில் போட்டுத் தன் ஆணியில் தொங்கவிட்டுக்கொண்டால் அது அவளுடையது. ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் அறையில் கொட்டை, கோலிக்குண்டு எதுவும் கூடாது.

குப்பையிலிருந்து பொம்மை என்றதும் பலருக்கும் நினைவு வருவது அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் படித்து முடித்து, புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். வாரச்சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் உருவாக்கிய மூட்டு மாதிரிகள் பின்னர் புத்தகமாகிப் பல மொழிகளில் பரவின. 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் பயிற்சியில் பெரிய பையன்களுக்கு இதுதான் உயிர். டியூபை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியால் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாது. நான்கு குச்சிச் சதுரம் சாய்ந்து படுத்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். 2019-இல் ஒரு பையன் இதைச் செய்து பார்த்துவிட்டு வெளியே ஓடினான். திரும்பி வந்து, எதிரே உள்ள செல்போன் கோபுரத்தில் சதுரம் ஒன்றுகூடக் குறுக்குக்கம்பி இல்லாமல் இல்லை என்று அறிவித்தான். பொறியியலில் இரண்டு பட்டம் வாங்கிய நான் அந்தக் கோபுரத்தை அதுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. அவர்களுக்குத் தீக்குச்சி குழந்தை விளையாட்டு, கிரிக்கெட் போதும். பதினெட்டு முடிந்தபின் எங்கே போவது என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது, அதற்கு எங்களிடம் விளையாட்டு எதுவும் இல்லை. ஒரு வருடம் நாடகம் போட முயன்றோம். 'வீடு' என்று தலைப்புக் கொடுத்த என் நண்பனின் அறிவை என்னவென்று சொல்வது! இரண்டு குழந்தைகள் அன்று இரவு சாப்பிடவில்லை. இப்போது தலைப்பை நாங்கள் கொடுப்பதில்லை.

சில பழக்கங்களை நாங்களே வகுத்துக்கொண்டோம். ஒவ்வோர் ஆண்டும் அதே ஆட்கள், அதே வாரம். வரும் தேதியும் போகும் தேதியும் முதலிலேயே கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும். தனியாக ஒரு குழந்தைக்குப் பரிசு கிடையாது. அடுத்த வருடம் வருவோம் என்ற வாக்குறுதியைத் தவிர வேறு வாக்குறுதியும் கிடையாது. படம் எடுப்பதில்லை. குழந்தையுடன் தனி அறையில் இருப்பதில்லை. எங்களைப் பற்றி காவல்துறைச் சான்றிதழ் வாங்கி இல்லத்தில் கொடுத்திருக்கிறோம். பாதி நாள் குழந்தைகளோடு, மீதிப் பாதி பணியாளர்களோடு. உண்மையில் இரண்டாவது பாதிதான் முக்கியம். காலையில் ஆயாவோ பராமரிப்பாளரோ விளையாட்டை நடத்துவார். நாங்கள் அந்த நேரத்தில் காய் நறுக்குவோம், துணி மடிப்போம். பல்லாங்குழிக்கு நாள்தோறும் மாலை ஐந்து முதல் ஆறு வரை மணி அடிக்காத ஒரு மணி நேரம் விடுவதற்குக் காப்பாளர் அம்மா ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆனது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-லும் 2021-லும், வெளியாட்கள் யாரும் உள்ளே போக முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் தொடர்ந்து நடந்திருக்கிறது.

வெளிநாட்டு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகள். பணம் அனுப்பலாமா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால், அவர் இந்திய வம்சாவளியானாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். தெரியாமல் அனுப்பி இல்லத்தைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். இரண்டாவது, கல்லூரி விண்ணப்பத்தில் போடுவதற்காக எங்கள் மகனையோ மகளையோ இரண்டு வாரம் அனுப்பலாமா? வேண்டாம். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு குழந்தை சொந்த வீட்டிலேயே இருக்க வழி செய்யலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதலில் அதற்கென மாதம் 4,000 ரூபாய் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு குழந்தை தாயைப் பிரியாமல் இருக்க எவ்வளவு குறைந்த தொகை போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எந்தக் கிழமை போவீங்க என்று கேட்ட அந்தப் பெண், 2018 ஜனவரியிலும் இருந்தாள். ஆயாவிடம் பல்லாங்குழி கற்றுக்கொண்ட முதல் கூட்டத்தில் அவளும் உண்டு. கரும்பலகையில் தேதியைப் பார்த்துக்கொண்டாள், கேட்கவில்லை. 2019-இல் நாங்கள் போனபோது அவள் ஆணியில் வேறொரு பை தொங்கியது. அத்தை ஒருவர் வந்து, குழு ஆணைப்படி அழைத்துப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதும் சரிதான். முட்டை அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம்.

போன மாதம் காப்பாளர் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். வால்வ் டியூப் தீர்ந்துவிட்டது. ஊரில் இருந்த ஒரே சைக்கிள் கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். பையன்கள் நச்சரிக்கிறார்கள், கும்பகோணத்தில் மீட்டர் கணக்கில் கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.